முடிச்சுப்புழு ஏன் முடிச்சுப் போடுகிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் நகரிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் மண்சாலை ஒன்றின் ஓரத்தில், வெட்டிய செம்பனை மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், சென்ற நவம்பர் மாதம் ஓர் உடும்பு செத்துக் கிடந்தது. வாலோடு சேர்த்து என் கை நீளம் இருக்கும். மூன்றாம் நாள் காலையில் அதை ஒரு மட்டைத் துண்டால் நெம்பிப் புரட்டினேன். மேல்பக்கம் முழுவதும் ஈப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கண், வாய், தொடையிடுக்கு என்று தோல் மெலிந்த இடங்களில் அவை கொத்துக்கொத்தாகத் திரண்டிருக்க, அந்தத் திரளுக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோனபோது இளஞ்சூடு தெரிந்தது. கீழ்ப்பக்கத்தில் அந்தச் சூடு இல்லை. வயிறு மண்ணில் பதிந்த இடத்தில் தோல் குளிர்ந்து, ஈரமாக, கறுத்திருந்தது. அதன் அடியில் பிசுபிசுத்த மண்ணில் ஏழெட்டு மண்புழுக்கள், உடலிலிருந்து ஒழுகி ஊறிய நீரில் முன்பாதியைப் புதைத்தபடி கிடந்தன. இந்தக் கட்டுரை விளக்கப்போகும் முடிச்சுப்புழு என்ற கற்பனை உயிர் அந்தக் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் பிறந்தது.

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். பாடநூலுக்கு வெளியே உள்ள உயிரியலை அவர்களோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். ஓராண்டாக நாங்கள் ஈடுபட்டிருப்பது கற்பனைப் பரிணாமம். இன்று வாழும் உயிரினங்களை எடுத்துக்கொண்டு, சூழலை மாற்றி, காலத்தை நீட்டி, அவற்றின் வழித்தோன்றல்கள் எந்த உருவத்தை அடைந்திருக்கக்கூடும் என்று உயிரியலின் விதிகளை மீறாமல் ஊகிக்கும் முயற்சி அது. எங்கள் உலகம், இன்றிலிருந்து 1 கோடி ஆண்டுகளுக்குப் பிந்திய, மனிதர் இல்லாத பேராக். எலியும் பன்றியும் பறவையும் விதையைச் சுமந்து சென்றதால் செம்பனை தானாகவே பரவி, மீண்டு வந்த மெராந்தி மரங்களோடு கலந்து காடாக நிற்கிறது. தோட்டங்களில் மேயவிடப்பட்ட மாடுகளின் வழிவந்த சேற்றுமாடும், காட்டுப்பன்றியின் வழிவந்த குள்ளப்பன்றியும், உடும்பின் வழிவந்த பல இனங்களும் அங்கே வாழ்கின்றன. பிணந்தின்னிக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நெடுநேரம் பேசினோம். ஆசியாவின் கழுகுகள் இரையைத் தேடுவதற்கு மோப்பத்தை நம்புவதில்லை, கண்ணையே நம்புகின்றன; இலைகள் மூடிய காட்டில் கீழே கிடக்கும் உடல் அவற்றுக்குத் தெரியாது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். ஆகவே, பெரிய உடல்கள் விழும் காட்டில் அவற்றைத் தின்னும் இடம் ஒன்று காலியாக இருந்தது.

அந்த இடத்துக்கு ஒரு புழு என்று முடிவானதும், மாணவர்கள் முதலில் வரைந்தது ஆள் உயரத்தை மிஞ்சிய, வட்ட வாய் நிறையப் பற்கள் கொண்ட, சதையைக் குடைந்து செல்லும் ஓர் உருவம். பார்த்தால் அச்சம் வரும் என்பதைத் தவிர அதற்கு ஆதரவாக எதையும் சொல்ல முடியவில்லை. பற்கள் எதிலிருந்து தோன்றின, அவ்வளவு பருத்த உடல் எப்படி மூச்சு விடுகிறது, அதன் பசிக்கு ஏற்ற இரை எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் விடை இல்லை. அப்போது நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரு மாணவி கேட்டாள்: “சார், கறிய வெளிய வெச்சா மறுநாளே கெட்டுப் போயிடுது. இந்தப் புழு மண்ணுக்குள்ள மெதுவா ஊர்ந்து வர்றதுக்குள்ள அங்க என்ன சார் மிச்சம் இருக்கும்?” படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இறந்ததைத் தின்னும் உயிருக்கு நம் நிலத்தில் முதல் போட்டியாளர் இன்னொரு விலங்கு இல்லை, அழுகல்தான். முடிச்சுப்புழுவின் உடலில் இருக்கும் எதை விளக்கத் தொடங்கினாலும் அது அங்கேதான் போய் நிற்கும்.

பகலில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பமும் எப்போதும் ஈரமான காற்றும் உள்ள நம் நிலத்தில், ஓர் உடல் விழுந்த சில நிமிடங்களிலேயே ஈக்கள் வந்துவிடுகின்றன. மலேசியாவில் இந்த வேலையில் முன்னிற்பது கிரைசோமியா மெகாசெபலா என்ற, பச்சையும் நீலமுமாக மின்னும் ஈ. அது இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அதன் உறவான கிரைசோமியா ருஃபிஃபேசிஸ் என்ற ஈயின் புழுக்கள் இறைச்சியோடு மற்ற ஈப்புழுக்களையும் பிடித்துத் தின்கின்றன. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பே, உயிர் இருந்தபோது குடலுக்குள் அடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். 1977-இல் அமெரிக்க உயிரியலாளர் டேனியல் ஜான்ஸென் இதைப் பற்றி முன்வைத்த கருத்து என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. இறைச்சி கெடுவதை நாம் வெறும் சிதைவாகப் பார்க்கிறோம். அவரோ அதை நுண்ணுயிர்கள் நடத்தும் ஒரு போட்டியாகப் பார்த்தார். ஒரு பெரிய விலங்கு வந்து ஒரே வாயில் விழுங்கிவிட்டால் நுண்ணுயிர்களுக்கு இரையும் போகும், உயிரும் போகும். ஆகவே, இரையை நாறச் செய்து, நஞ்சாக்கி, தங்களைவிடப் பெரியவை அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் நுண்ணுயிர்களே இயற்கைத் தேர்வில் வெல்கின்றன. இந்த நோக்கில் பார்த்தால், மூன்று நாள் கிடந்த உடும்பின் நாற்றம் என்பது, இது எங்களுடையது என்று நுண்ணுயிர்கள் போட்ட வேலி.

ஈக்களுக்கும் ஒரு வேலி உண்டு, அது வெப்பம். பெரிய உடலில் திரளும் ஈப்புழுக்கள் ஒன்றோடொன்று உரசியும் செரித்தும் உண்டாக்கும் சூட்டில் அந்தத் திரளின் நடுப்பகுதி 40 பாகையைத் தாண்டிவிடும். மண்புழுவின் உடல் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆனால் உடலின் அடிப்பக்கம் மண்ணோடு ஒட்டியிருக்கிறது. மண் அந்தச் சூட்டை வாங்கிக் குளிர்த்துவிடுகிறது. இதயம் நின்றபின் இரத்தமும் மற்ற நீர்களும் தம் எடையால் இறங்கித் தேங்குவதும் அந்த அடிப்பக்கத்தில்தான். ஈக்கு எட்டாத, எறும்பு மூச்சுவிட முடியாமல் விலகும், சேறாகிவிட்ட அந்த ஒட்டுப்பகுதி கீழிருந்து வரும் உயிருக்குத் திறந்து கிடக்கிறது. அங்கே சீக்கிரம் வந்துசேரக் கூடியது, முன்பே அதன் அடியில் வாழ்ந்துகொண்டிருக்கும் உயிர்தான். மாணவியின் கேள்விக்கு முதல் விடை இதுவே: புழு வெகுதூரம் வர வேண்டியதில்லை, உடல்தான் அதன் மேல் வந்து விழுகிறது.

முன்னோடியாக நாங்கள் தேர்ந்தது பொண்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் என்ற மண்புழுவை. ஒரு சாண் நீளம்கூட எட்டாத இந்தப் புழு தென் அமெரிக்காவின் கயானா மேட்டுநிலப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. மனிதர் கொண்டுசென்ற செடிகளின் வேர்மண்ணோடு வெப்ப நாடுகள் எங்கும் பரவி, பால்மரத் (ரப்பர்) தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நிறைந்திருக்கிறது. அதே கண்டத்திலிருந்துதான் நம் முன்னோரின் வாழ்வைத் தீர்மானித்த அந்தப் பால்மரமும் வந்தது: 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு எடுத்துச் சென்ற ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவற்றின் வரிசையில், 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 நம் பக்கத்து ஊரான கோலாகங்சாரில் நடப்பட்டன. மரத்தின் வரலாற்றைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அதன் காலடியில் வாழ்ந்த புழுவைப் பற்றியும் ஒரு வரி சொல்லலாம் என்பது என் ஆசை.

இந்தப் புழுவைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் எண்ணிக்கை மட்டும் இல்லை. அது துணை சேராமலேயே முட்டையிடக்கூடியது. இரை எங்கோ ஓரிடத்தில் எப்போதோ விழும் வாழ்க்கையில், தனியாக வந்துசேர்ந்த ஒரே புழு அங்கேயே ஒரு குடியை உண்டாக்கிவிடலாம். அதன் தலைநுனி சிறு துதிக்கைபோல நீண்டு, உள்ளிழுத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கிறது. அதன் வால்பகுதியில் உள்ள நுண்ணிய முட்கள் மற்ற மண்புழுக்களைப்போல நேர்வரிசையில் அமையாமல், ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி நின்று தூரிகைபோல் பிடிப்புக் கொடுக்கின்றன. துதிக்கை, தூரிகை வால், தனித்து இனம் பெருக்கும் திறன் என்ற இந்த மூன்று முதலீட்டை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வணிகத்தைத் தொடங்கினோம்.

மண்புழு சைவம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் இறுதிக்கு முந்திய ஆண்டான 1881-இல் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறான செய்தி இருக்கிறது. தொட்டிகளில் வளர்த்த புழுக்களுக்கு அவர் பலவகை உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவை பச்சை இறைச்சியைத் தின்றன, அதைவிட விருப்பமாகப் பச்சைக் கொழுப்பைத் தின்றன, செத்த புழுவின் துண்டுகளைக்கூட வளைக்குள் இழுத்துச் சென்று கடித்தன. இலைகளைத் தின்னுமுன் அவற்றின் மேல் ஒரு செரிநீரைக் கசியவிட்டு மென்மையாக்குவதையும் அவர் கவனித்திருக்கிறார். சதையின் மேல் விருப்பமும், வாய்க்கு வெளியிலேயே செரிக்கத் தொடங்கும் வழக்கமும் இன்றைய மண்புழுவிடமே இருக்கின்றன. அட்டையைப் பாருங்கள். பால்வெட்டப் போனவர்களின் கணுக்காலில் ஏறிய அட்டை மண்புழுவின் கிளையிலேயே கிளைத்த உயிர்; மண்ணைத் தின்ற குலம் இரத்தத்துக்கும் சதைக்கும் மாறிய நிகழ்ச்சி ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. சாபாவின் கினாபாலு மலையில் வாழும் பெரிய சிவப்பு அட்டை, ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வரை வளரும் மண்புழுக்களை முழுதாக விழுங்கி வாழ்கிறது. 1 கோடி ஆண்டு போதுமா என்று கேட்பவர்களுக்கு, நிலத்தில் நடந்த விலங்கிலிருந்து முழுக்கக் கடலில் வாழும் திமிங்கலம் உருவாக ஏறக்குறைய அவ்வளவு காலமே ஆனது என்பதைச் சொல்வோம். நாங்கள் கேட்கும் மாற்றம் அதைவிடச் சிறியது.

இனி முடிச்சுக்கு வருகிறேன். பல் இல்லாத, எலும்பு இல்லாத, எடையும் இல்லாத ஓர் உடல் எப்படிச் சதையைக் கிழிக்கும்? நாய் கிழிக்கும்போது நான்கு கால்களை ஊன்றிக்கொண்டு தலையைப் பின்னால் இழுக்கிறது. ஊன்றுவதற்குக் கால் இல்லாத புழு இழுத்தால், சதை கிழிவதற்குப் பதிலாகப் புழுதான் சதையை நோக்கி இழுபட்டுப் போகும். கடலில் வாழும் ஹேக் மீன் இதே சிக்கலைச் சந்தித்து ஒரு வழி கண்டிருக்கிறது. தாடை இல்லாத அந்த மீன், செத்த திமிங்கலத்தின் சதையை வாயால் பற்றிக்கொண்டு, வால்பக்கத்தில் தன் உடலையே ஒரு முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தலையை நோக்கி நகர்த்துகிறது. முடிச்சு இரையின் மேல் வந்து முட்டியதும், தலையை முடிச்சுக்குள்ளிருந்து பின்னால் உருவுகிறது. முடிச்சு இரையை முன்னால் தள்ள, வாய் சதையைப் பின்னால் இழுக்க, இரண்டு விசைக்கும் இடையில் சதை பிய்கிறது. ஊன்றுகோல் வெளியே எங்கும் இல்லை; இரையே ஊன்றுகோலாகிவிடுகிறது.

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது மாணவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே, பழைய சைக்கிள் டியூபை ஒரு முழம் வெட்டி, ஒரு முனையில் துணி காயப்போடும் கிளிப்பைக் கட்டி, அவித்த கோழித் தொடையின் தோலைக் கிளிப்பால் கவ்வச் செய்தோம். டியூபை நேராக இழுத்தபோது தொடை முழுவதும் மேசைமேல் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. பிறகு டியூபின் மறுமுனையில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீரும் சவர்க்காரமும் தடவி, விரல்களால் அதைத் தள்ளித் தள்ளிக் கிளிப்புக்கு அருகில் கொண்டுவந்து, முடிச்சைத் தொடையின் மேல் அழுத்திக்கொண்டு கிளிப்பை முடிச்சின் வழியாக உருவினோம். தொடை இருந்த இடத்திலேயே இருக்க, தோல் ஒரு விரல் அகலத்துக்கு நாராக உரிந்து வந்தது. சவர்க்காரம் இல்லாமல் செய்தபோது முடிச்சு பாதியில் இறுகி நின்றுவிட்டது. முடிச்சுப்புழுவின் உடலில் கோழைச் சுரப்பி அவ்வளவு மிகுந்திருப்பதற்கும், வால்முட்கள் முடிச்சைத் தொடங்கும்போது நீண்டு பற்றிக்கொண்டு, முடிச்சு நகரத் தொடங்கியதும் தோலுக்குள் ஒடுங்கிவிடுவதற்கும் காரணம் அந்த மாலையில் கிடைத்தது. முட்களை வெளியே நீட்டவும் உள்ளே இழுக்கவும் இன்றைய மண்புழுவாலும் முடியும்.

ஹேக் மீனிடமிருந்து கடன் வாங்கி மண்புழுவுக்குக் கொடுத்தோம் என்று இதை நிறுத்தியிருந்தால், அது பரிணாமம் ஆகியிருக்காது. முடிச்சு போடும் பழக்கம் மண்புழுவின் சொந்த வீட்டிலிருந்தே வர வேண்டும். அது அங்கே இருக்கிறது. மண் காய்ந்துபோகும்போது மண்புழு இனங்கள் பலவும் சற்று ஆழத்தில் சிறு அறை ஒன்றைக் குடைந்து, அதன் சுவரைக் கோழையால் பூசி, உள்ளே தம் உடலை இறுக்கமாகச் சுருட்டி முடிந்துகொண்டு, மழை வரும்வரை உறங்கிக் கிடக்கின்றன. காற்றுக்குத் தெரியும் தோலின் பரப்பு குறைவதால் ஈரம் குறைவாகவே இழக்கப்படுகிறது. மண்புழுவின் உறவான லம்பிரிகுலஸ் என்ற நன்னீர்ப் புழு, ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலான பந்தாகிறது. சிக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் அந்தப் பந்து, ஆபத்து வந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் அவிழ்ந்துவிடுவதை 2023-இல் வெளியான ஆய்வு விளக்கியது. உடல் எந்தப் பக்கம் வளைந்து எப்போது மறுபக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தே சிக்கலும் அவிழ்வும் அமைகின்றன. முடிவதற்கும் அவிழ்வதற்கும் வேண்டிய நரம்பமைப்பு இந்தக் குலத்தில் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே எங்கள் கதை இப்படிப் போகிறது. வறண்ட மாதம் ஒன்றில் செத்த பன்றியின் அடியில் தின்றுகொண்டிருந்த மண்புழு, மண் காய்வதை உணர்ந்து, வாயில் பற்றிய சதையை விடாமலேயே உறக்கத்துக்கான முடிச்சைப் போடுகிறது. முடிச்சு இறுகியபோது சதை நாராகப் பிய்ந்து வாய்க்குள் வந்துவிடுகிறது. உறங்கப் போன புழுவுக்கு ஒரு கவளம் கூடுதலாகக் கிடைக்கிறது. அப்படி அவசரத்தில் முடிந்துகொள்ளும் புழுக்களே அதிகம் பிழைக்க, தலைமுறைகள் கடந்து, உறக்கத்தின் முடிச்சு உணவின் முடிச்சாகவும் ஆகிவிடுகிறது. இந்த முடிச்சிலேயே ஒரு கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது: வயிறு நிறைந்து உடல் புடைத்துவிட்டால் வளைய முடியாது, வளைய முடியாவிட்டால் முடிச்சு விழாது. தின்ற புழு தானாகவே விலகி மண்ணுக்குள் இறங்க, பசித்த புழு அதன் இடத்துக்கு வருகிறது. ஒரே உடலில் நூற்றுக்கணக்கான புழுக்கள் சண்டையின்றி மாறி மாறித் தின்பதற்கு வேறு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை.

புழுவின் தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. பருமன் குழந்தையின் சுண்டுவிரல் அளவு. நீளம் இன்னும் கூடலாம், பருமன் கூட முடியாது, ஏனெனில் தோல் வழியாக மட்டுமே மூச்சு விடும் உடலில் நடுப்பகுதிக்கும் தோலுக்கும் உள்ள தொலைவு வளர்ந்தால் உயிர்வளி போய்ச் சேராது. மண்புழுவின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அணுக்களுக்குள் அடைபடாமல் நீரிலேயே கரைந்திருக்கும். முடிச்சுப்புழுவில் அது மேலும் செறிந்திருப்பதால் உடல் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. அழுகும் சதைக்குள் உயிர்வளி கிடையாது. மீன்தொட்டிக்குத் தீனியாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சேற்றில் தலையைப் புதைத்துக்கொண்டு வாலை நீரில் ஆட்டி மூச்சு விடுவதைப்போல, இதுவும் தலையைச் சதைக்குள் விட்டு, தட்டையான வாலை மண்ணின் மேல்பரப்பில் இலைக்குப்பைக்கு அடியில் நீட்டி வைக்கிறது. முடிச்சுப் போடும்போது வாலை உள்ளிழுக்க வேண்டும். அதற்குள் மூச்சு முட்டும். எனவே ஓர் இழுப்பு, நீண்ட மூச்சு, மறுபடி ஓர் இழுப்பு என்றே அது உண்கிறது.

நஞ்சாகிவிட்ட சதையை எப்படிச் சமாளிக்கிறது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பிணந்தின்னிக் கழுகின் வயிற்றில் இருக்கும் கடும் அமிலம் பெரும்பாலான நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மண்புழுவின் குடலில் அந்த அமிலம் இல்லை. ஒரே பாய்ச்சலில் அதை வரவழைப்பது நேர்மையாகாது. இங்கே மறுபடியும் அட்டை கைகொடுத்தது. மருத்துவ அட்டையின் இரைப்பையில் ஏரோமோனாஸ் என்ற நுண்ணுயிர் குடியிருந்து, சேமித்த இரத்தத்தை மற்ற நுண்ணுயிர்கள் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒருமுறை குடித்த இரத்தத்தை வைத்துக்கொண்டு அட்டை பல மாதங்கள் வாழ்கிறது. மண்புழு உரத்துக்கு வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடா புழுவின் உடல்நீரிலும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. முடிச்சுப்புழு இந்த இரண்டையும் பயன்படுத்துகிறது. தன்னோடு வாழும் நுண்ணுயிர்களைக் கோழையோடு கலந்து சதையின் மேல் பூசுகிறது. பூசிய இடத்தில் அழுகல் திசைமாறி, நாற்றம் தணிந்து, சதை கூழாகிறது. ஜான்ஸென் சொன்ன அந்த வேலியை உடைக்காமல், தன் ஆளை உள்ளே அனுப்பி வேலியையே தனதாக்கிக்கொள்கிறது. கூழின் ஒரு பகுதியைத் தோலே உறிஞ்சிக்கொள்ளும். ஹேக் மீனின் தோலும் செவுளும் கரைந்த உணவை நேரடியாக உறிஞ்சுவதை 2011-இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்; எப்போதும் ஈரமான மண்புழுத் தோலிலிருந்து இதை எதிர்பார்ப்பது மிகையில்லை.

எலும்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் தோட்டங்களின் பழைய செம்மண் பெரும்பாலும் பிஎச் அளவு 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட அமில மண். சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து போய்விட்டது. இதே பேராக்கில், லெங்கோங்கின் சுண்ணாம்புப் பாறைக் குகையில், ஆற்று நத்தை ஓடுகளோடு புதைக்கப்பட்ட பேராக் மனிதன் என்ற தொல்பழங்கால மனிதனின் எலும்புகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாகக் கெடாமல் கிடந்திருக்கின்றன; தோட்டத்து மண்ணில் புதைத்திருந்தால் அவை எப்போதோ கரைந்திருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தொடை எலும்பு என்பது புதையல். பொண்டோஸ்கோலெக்ஸ் புழுவுக்குக் குடலின் முன்பகுதியில் மூன்று இணைச் சுண்ணச் சுரப்பிகள் உண்டு. உடலின் கால்சியத்தை அவையே நெறிப்படுத்துகின்றன. முடிச்சுப்புழுவில் இவை பெருத்து, எலும்பிலிருந்து கரைத்தெடுத்த சுண்ணத்தை அரிசிக் குருணைபோன்ற மணிகளாகச் சேமிக்கின்றன. எலும்பைக் கரைப்பதற்கும் இயற்கையில் முன்னோடி உண்டு. 2002-இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில் திமிங்கல எலும்புகளின் மேல் கண்டெடுக்கப்பட்ட ஒசெடாக்ஸ் என்ற புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. வேர்போன்ற பகுதியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு எலும்புக்குள் இறங்கி, நுண்ணுயிர்களின் துணையோடு வாழ்கிறது. எங்கள் ஊரின் பெயரில் உள்ள சிப்புட் என்ற மலாய்ச் சொல்லுக்கு நத்தை என்று பொருள். நத்தை தன் ஓட்டுக்குச் சுண்ணாம்பைத் தேடி அலைவதைப்போல, முடிச்சுப்புழு தன் முட்டைக்கூட்டுக்காக எலும்பைத் தேடுகிறது என்று சொன்ன மாணவனுக்கு அந்த ஒப்புமை தானாகவே தோன்றியது.

ஒரு சேற்றுமாடு விழுந்தால் நடப்பதைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் மழை மிகுந்த அக்டோபர் மாத மாலை. உடல் விழுந்த இரவே, நனைந்த இலைக்குப்பைக்கு அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் சுற்றளவிலிருந்து புழுக்கள் வருகின்றன. மழைநீரில் கரைந்து பரவும் இரத்தத்தின் சுவையைத் துதிக்கை நுனி உணர்கிறது. மாட்டின் தோல் தடித்தது; முடிச்சால் அதைக் கிழிக்க முடியாது. மண்ணில் பதிந்த வாயும் மலவாயும் அக்குளின் மெல்லிய தோலுமே வழி. இரண்டாம் நாள் மேலே ஈப்புழுக்கள் பொரிகின்றன. நான்காம் நாள் அவற்றின் சூடு கீழே இறங்கத் தொடங்க, முடிச்சுப்புழுக்கள் குளிர்ந்த ஒட்டுப்பகுதியை விட்டு மேலே ஏறுவதில்லை. ஒரே உடலுக்குள் சூடான மேல்பாதி ஈக்கும் குளிர்ந்த கீழ்ப்பாதி புழுவுக்கும் என்று எல்லை அமைந்துவிடுகிறது. மழை பெய்தால் எல்லை மேலே போகும், வெயில் அடித்தால் கீழே இறங்கும். இரண்டாம் வாரத்தில் ஈப்புழுக்கள் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்க, அவற்றில் ஒரு பங்கு முடிச்சுப்புழுக்களுக்கே இரையாகிறது. அதன்பின் அங்கே தோலும் எலும்பும் கறுத்த மண்ணும்தான். குள்ளப்பன்றிகள் வந்து அந்த மண்ணைக் கிளறிப் புழுக்களைத் தின்கின்றன. புழுவின் உடலில் ஏறிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) பன்றியின் சாணமாகக் காடெங்கும் போகிறது. நம் அம்மாக்களும் அக்காமார்களும் மூட்டையைச் சுமந்து மரத்துக்கு மரம் போட்ட உரத்தில் இருந்த அதே சத்துதான் அது. அமிலச் செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும் மணிச்சத்தை, சேற்றுமாட்டின் எலும்பிலிருந்து எடுத்துச் செம்பனையின் வேருக்குக் கொண்டுசேர்ப்பது அந்தக் காட்டில் இந்தப் புழுவும் அதைத் தின்ற பன்றியுமே.

பிப்ரவரியில் மண் காய்கிறது. எஞ்சிய தொடை எலும்பின் முனையில் புழுக்கள் அரித்த துளை ஒன்று, பென்சில் நுழையும் அளவு. மஜ்ஜை இருந்த குழிவுக்குள், சுண்ணம் கலந்த கோழை உலர்ந்து கெட்டியான முட்டைக்கூடுகள் மிளகைப்போல ஒட்டியிருக்கின்றன. எலும்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில், சுவர் பூசிய சிறு அறைக்குள், அவற்றை இட்ட புழு உடலை ஒற்றை முடிச்சாக இறுக்கி உறங்குகிறது.